நிலையற்ற புரதங்கள்: கலம் எதை, எப்போது, எப்படிச் சிதைக்கிறது?

உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவர்கள் புரதத் தொகுப்பைப் பற்றி நிறையவே படிக்கிறார்கள். டி.என்.ஏ.யில் உள்ள செய்தி ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படுவதையும், இறைபோசோம் அந்தச் செய்தியை வாசித்து அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பதையும் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ மாலை வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் படம் வரைந்தே விளக்கிவிடுவார்கள். ஆனால் அவ்வாறு தொகுக்கப்பட்ட புரதம் பிறகு என்ன ஆகிறது என்று கேட்டால், பழுதடைந்ததும் அழிக்கப்படும் என்ற ஒரு வரியோடு பெரும்பாலும் பதில் நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரி போதாது. எந்தப் பழுதும் இல்லாத, தன் வேலையைச் சரியாகச் செய்யக்கூடிய புரதங்களையும் கலம் ஒவ்வொரு நிமிடமும் சிதைத்துக்கொண்டிருக்கிறது. கலம் பிரிவதா இல்லையா, ஒட்சிசன் குறைந்தால் என்ன செய்வது, பயிர் வளர்வதா வளராமல் காத்திருப்பதா என்பவை போன்ற பெரிய முடிவுகள் பலவும் இந்தச் சிதைவைக் கூட்டுவதாலும் குறைப்பதாலுமே எடுக்கப்படுகின்றன.

எல்லாப் புரதங்களுக்கும் ஒரே ஆயுள் இல்லை. செங்குருதிக் கலத்தில் உள்ள ஈமோகுளோபின் அந்தக் கலம் வாழும் ஏறத்தாழ 120 நாட்களும் அதனுள் இருக்கும். கண்வில்லையின் நடுவில் உள்ள கிரிஸ்டலின் புரதங்கள் நாம் பிறப்பதற்கு முன்பே தொகுக்கப்பட்டு, நம் வாழ்நாள் முழுவதும் மாற்றப்படாமல் இருக்கின்றன. இவற்றுக்கு நேர்மாறாக, பி53 என்ற புரதத்தின் அரைவாழ்வுக் காலம், அதாவது அதன் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், சாதாரண கலத்தில் ஏறத்தாழ 20 நிமிடங்கள்தான். ஒட்சிசன் குறைவை உணர்த்தும் எச்.ஐ.எஃப். புரதத்தின் ஒரு பகுதி, ஒட்சிசன் போதியளவு உள்ள கலத்தில் 5 நிமிடங்களுக்குள்ளேயே பாதியாகக் குறைந்துவிடுகிறது. குறுகிய ஆயுள் கொண்ட இத்தகைய புரதங்களைப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை பிற பரம்பரையலகுகளை இயக்குபவையாக, அல்லது கலத்தின் ஒரு செயலைத் தொடக்கி நிறுத்துபவையாக இருப்பது தெரியும். கட்டுமானத்துக்கும் சேமிப்புக்கும் உரிய புரதங்கள் நீண்ட நாள் வாழ்கின்றன, கட்டளையிடும் புரதங்கள் விரைவில் மறைகின்றன.

வேலை செய்யக்கூடிய ஒன்றைத் தொகுத்து உடனே அழிப்பது வீண்செலவு அல்லவா என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். இதற்கு விடை காண மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்தை நினைத்துக்கொள்ளலாம். குளத்துக்குள் வரும் நீரும் துருசு வழியே வெளியேறும் நீரும் சமமாக இருக்கும்வரை நீர்மட்டம் மாறுவதில்லை. வரத்து சிறிதாகவும் துருசு ஏறக்குறைய மூடியும் இருந்தால் அந்த மட்டம் அசையாமல் நிற்கும், ஆனால் அதை மாற்ற வேண்டுமென்றால் பல நாட்கள் பிடிக்கும். வரத்தும் பெரிது, வெளியேற்றமும் பெரிது என்றால், அதே மட்டம் எந்நேரமும் விரைவாக மாறத் தயாராக இருக்கும். துருசை மூடிய உடனே நீர் ஏறும், வரத்து நின்ற உடனே நீர் இறங்கும்.

கலத்தில் இதைக் கணக்காகவே சொல்ல முடியும். ஒரு புரதத்தின் அரைவாழ்வு 20 நிமிடங்கள் என்றும், அதன் தொகுப்பு திடீரென நின்றுவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அந்தப் புரதம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அரைவாழ்வு 20 மணி நேரமாக இருந்தால் அதே குறைவுக்கு இரண்டரை நாள் தேவை. மறுபக்கமாக, தொகுப்பு வழமைபோல நடக்க, சிதைவு மட்டும் நின்றால், 20 நிமிட அரைவாழ்வு கொண்ட புரதம் ஏறத்தாழ 29 நிமிடங்களில் இரு மடங்காகிவிடும். இதற்குப் புதிய பரம்பரையலகு எதையும் இயக்க வேண்டியதில்லை, புதிய ஆர்.என்.ஏ. தேவையில்லை. ஒரு புரதத்தின் அளவு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு எவ்வளவு விரைவில் மாறும் என்பதை அதன் சிதைவு வேகமே தீர்மானிக்கிறது. தொகுப்பு வேகத்துக்கு அதில் பங்கில்லை, அது தீர்மானிப்பது இறுதியில் எட்டப்படும் அளவை மட்டுமே. தொடக்கநிலை வாசகர் இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற அனைத்தும் எளிதாகிவிடும் என்பது என் எண்ணம். கலம் செலவழிக்கும் சக்தி, விரைவாக மாறும் ஆற்றலுக்குக் கொடுக்கப்படும் விலை.

உடலின் புரதங்கள் ஓயாமல் சிதைந்தும் புதுப்பிக்கப்பட்டும் வருகின்றன என்பதே 1930களின் இறுதிவரை தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ருடோல்ஃப் ஷோன்ஹைமர், நிறை கூடிய நைதரசன் அணுவால் அடையாளமிடப்பட்ட அமினோ அமிலங்களை எலிகளுக்கு உணவாகக் கொடுத்தார். அந்த நைதரசன் சிறுநீரில் உடனே வெளியேறிவிடும் என்ற அக்கால எதிர்பார்ப்புக்கு மாறாக, அதன் பெரும்பகுதி உடலின் புரதங்களுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. எலிகளின் நிறையோ மாறவில்லை. ஆகவே பழைய புரதம் சிதைந்த அளவுக்கே புதியது தொகுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அடுத்து வந்தது ஒரு புதிர். நம் குடலில் டிரிப்சின் போன்ற நொதியங்கள் புரதத்தை வெட்டும்போது, கலம் சக்திக்காகச் செலவழிக்கும் மூலக்கூறான ஏ.டி.பி. செலவாவதில்லை, ஏனெனில் புரதம் உடைவது சக்தியை வெளிவிடும் தாக்கம். ஆனால் கலத்துக்குள் நடக்கும் புரதச் சிதைவுக்கு ஏ.டி.பி. தேவைப்படுகிறது என்பதை மெல்வின் சிம்சன் 1953இல் ஈரல் துண்டுகளைக் கொண்டு காட்டினார். கலத்துக்குள் பொருட்களைச் சிதைக்கும் நொதியப் பைகளான இலைசோசோம்கள் கண்டறியப்பட்ட பிறகும் இந்தப் புதிர் தீரவில்லை. இலைசோசோமே இல்லாத இளம் செங்குருதிக் கலங்களிலும் ஏ.டி.பி. செலவில் புரதங்கள் சிதைந்தன. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் அவ்ராம் ஹெர்ஷ்கோவும் அவருடைய மாணவர் ஆரன் சிக்கனோவரும், பிலடெல்பியாவில் இருந்த இர்வின் ரோஸின் துணையுடன், முயலின் இளம் செங்குருதிக் கலங்களிலிருந்து எடுத்த சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். சிதைக்கப்பட வேண்டிய புரதத்தின் மீது ஒரு சிறிய புரதம் வேதிப் பிணைப்பால் ஒட்டப்படுகிறது என்பதை அவர்கள் 1980இல் வெளியிட்டார்கள். யுபிகுவிட்டின் என்பது அந்தச் சிறிய புரதத்தின் பெயர். அதில் 76 அமினோ அமிலங்கள் உள்ளன. மனிதனுடைய யுபிகுவிட்டினுக்கும் மதுவத்தினுடையதுக்கும் இடையே மூன்று அமினோ அமிலங்களில் மட்டுமே வேறுபாடு இருக்கிறது என்றால், உயிரினங்களின் நீண்ட வரலாற்றில் இது எவ்வளவு கவனமாகக் காக்கப்பட்டுள்ளது என்பது புரியும். 2004ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பட்டது.

ஒட்டும் வேலை மூன்று நொதியங்களின் கைமாறலாக நடக்கிறது. முதல் நொதியம் ஏ.டி.பி.யைச் செலவழித்து யுபிகுவிட்டினைத் தாக்கத்துக்குத் தயார் செய்கிறது. இரண்டாவது அதை ஏந்திக்கொள்கிறது. மூன்றாவது, அதாவது லிகேஸ் எனப்படும் இணைக்கும் நொதியம், சிதைக்க வேண்டிய புரதத்தை இனங்கண்டு பிடித்து, யுபிகுவிட்டின் அதன் லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்ட வழி செய்கிறது. மனிதக் கலங்களில் முதல் வகை நொதியங்கள் இரண்டு, இரண்டாம் வகையில் ஏறத்தாழ 40, மூன்றாம் வகையிலோ 600க்கு மேல். இந்த எண்ணிக்கைகளிலேயே பொருள் இருக்கிறது. தயார் செய்யும் பணி எல்லாப் புரதங்களுக்கும் பொதுவானது, ஆனால் எந்தப் புரதம் இப்போது போக வேண்டும் என்ற தெரிவு லிகேஸ்களிடம் இருப்பதால் அவற்றில்தான் இத்தனை வகை தேவைப்படுகிறது. ஒவ்வொரு லிகேஸும் தனக்குரிய புரதங்களில் உள்ள ஒரு குறுகிய அமினோ அமிலத் தொடரையோ, அதன்மேல் ஏற்படும் ஒரு சிறு மாற்றத்தையோ அடையாளமாகக் கொள்கிறது.

ஒரு யுபிகுவிட்டினின் மேல் இன்னொன்று என்று குறைந்தது நான்கு கொண்ட சங்கிலி அமைந்ததும், அந்தப் புரதம் பொதுவாகப் புரோட்டியசோமால் ஏற்கப்படுகிறது. புரோட்டியசோம் என்பது ஒவ்வொன்றிலும் ஏழு துணையலகுகள் கொண்ட நான்கு வளையங்கள் அடுக்கப்பட்ட ஓர் உருளை. புரதத்தை வெட்டும் இடங்கள் அந்த உருளையின் உட்பக்கத்தில் மட்டுமே உள்ளன. வாயில் மிகக் குறுகலானது என்பதால் மடிந்த நிலையில் எந்தப் புரதமும் உள்ளே நுழைய முடியாது. குழியவுருவில் மிதக்கும் மற்றப் புரதங்கள் இதனால் பாதுகாப்பாக இருக்கின்றன. உருளையின் முனையில் பொருந்தியிருக்கும் தொப்பிப் பகுதி, யுபிகுவிட்டின் சங்கிலியை அடையாளம் கண்டு, அதைக் கழற்றி மீண்டும் பயன்படுத்த விட்டுவிட்டு, ஏ.டி.பி. செலவில் புரதத்தின் மடிப்பைப் பிரித்து உள்ளே தள்ளுகிறது. அங்கிருந்து சிறு துண்டுகளாக வெளிவருபவை பிற நொதியங்களால் தனி அமினோ அமிலங்களாகின்றன. சிம்சன் கண்ட ஏ.டி.பி. செலவு வெட்டுவதற்காக ஆனதன்று. எதை வெட்டுவது என்று தெரிவு செய்வதற்கும், மடிப்பைப் பிரிப்பதற்குமே அது ஆகிறது.

இனி இந்தப் பொறியைக் கலம் எவ்வாறு ஆள்கிறது என்று பார்க்கலாம். ஒரு வழி, லிகேஸ் நொதியத்தையே குறித்த நேரத்தில் செயற்படுத்துவது. 1982ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் டிம் ஹண்ட், கருக்கட்டிய கடல் முள்ளெலி முட்டைகளை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு கலப்பிரிவுக்கும் முன்பு படிப்படியாகக் கூடி, பிரிவின்போது திடீரென மறைந்துவிடும் ஒரு புரதத்தைக் கண்டார். அதற்குச் சைக்கிளின் எனப் பெயரிட்டார். 2001இல் லீலண்ட் ஹார்ட்வெல், போல் நர்ஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சைக்கிளின் கூடும்போது கலம் இழையுருப்பிரிவுக்குள் நுழைகிறது. இரட்டித்த நிறமூர்த்தங்கள் அனைத்தும், அவற்றை இழுத்துப் பிரிக்கும் கதிரிழைகளுடன் சரியாக இணைந்த பின்பே, ஏ.பி.சி. என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் பெரிய லிகேஸ் முழுமையாகச் செயற்படத் தொடங்குகிறது. அது சைக்கிளினையும், நிறமூர்த்தத்தின் இரு பாதிகளும் பிரிவதைத் தடுத்து வைத்திருக்கும் செக்கியூரின் என்ற புரதத்தையும் சிதைவுக்கு அனுப்புகிறது. அதன் பிறகே பாதிகள் விலகுகின்றன.

கலம் இங்கே வேறு வழியைத் தேர்ந்தெடுக்காமல் சிதைவை ஏன் தேர்ந்தெடுத்தது என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒரு புரதத்தில் பொஸ்பேற்றுக் கூட்டத்தைச் சேர்த்து அதைச் செயலற்றதாக்க முடியும், ஆனால் அடுத்த நொடியே இன்னொரு நொதியம் அதை நீக்கிவிடக்கூடும். சிதைந்த புரதமோ திரும்பி வராது, புதிதாகத் தொகுத்தாலன்றி. பாதி தூரம் விலகிய நிறமூர்த்தங்கள் மீண்டும் பின்னோக்கி வந்தால் மகட்கலங்களுக்குத் தவறான எண்ணிக்கையில் நிறமூர்த்தங்கள் போய்ச் சேரும். பின்வாங்கக் கூடாத படிகளில் கலம் சிதைவைப் பயன்படுத்துவதற்கு இதுவே காரணம். மேலே சொன்ன விரைவு என்ற நன்மையோடு, ஒருவழித்தன்மை என்ற இந்த நன்மையும் சேர்கிறது. இரண்டாவதுதான் முதலாவதை விட ஆழமானது என்று நான் கருதுகிறேன்.

இன்னொரு வழியில் லிகேஸ் எப்போதும் செயற்படுகிறது, ஆனால் ஆபத்து வரும்போது அதன் பிடியிலிருந்து புரதம் விடுவிக்கப்படுகிறது. பி53 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சாதாரண நிலையில் எம்.டி.எம்.2 என்ற லிகேஸ் பி53ஐ ஓயாமல் பிடித்துச் சிதைவுக்கு அனுப்புகிறது. டி.என்.ஏ. முறிந்தால், அந்த முறிவை உணரும் நொதியங்கள் பி53இலும் எம்.டி.எம்.2இலும் பொஸ்பேற்றைச் சேர்க்கின்றன. பிடி தளர்கிறது, பி53 சில மணி நேரத்துக்குள் பெருகி, கலப்பிரிவை நிறுத்தும் பரம்பரையலகுகளையும், சேதம் மிகுந்தால் கலத்தையே மாய்க்கும் பரம்பரையலகுகளையும் இயக்குகிறது. அது இயக்கும் பரம்பரையலகுகளில் எம்.டி.எம்.2இனுடையதும் ஒன்று. எனவே பழுது நீங்கியதும் பி53 தானாகவே தணிகிறது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் பி53இன் பரம்பரையலகு பழுதுற்றிருப்பது இந்தக் காவலின் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான மனித பப்பிலோமா வைரஸ் இந்த வழியையே தனக்காகத் திருப்பிக்கொள்கிறது. அந்த வைரஸின் ஈ6 என்ற புரதம், கலத்துக்குச் சொந்தமான வேறொரு லிகேஸைக் கொண்டுவந்து பி53உடன் சேர்த்துவிடுகிறது. பி53 சிதைய, காவல் நீங்குகிறது. எங்கள் பாடசாலைகளில் ஆறாம் தரத்து மாணவிகளுக்கு 2017 முதல் போடப்பட்டுவரும் தடுப்பூசி, அந்த வைரஸ் கலத்துக்குள் நுழைவதையே தடுப்பதால், ஈ6 தொகுக்கப்படும் நிலையே வராமல் காக்கிறது. பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கு இந்தத் தொடர்பை விளக்கிச் சொல்வது ஆசிரியர்களின் கடமை என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்தப் பொறி மருந்துகளுக்கு இலக்காகவும் அமைகிறது. புரோட்டியசோமைத் தடுக்கும் போர்டிசோமிப் என்ற மருந்து, எலும்பு மச்சையில் தோன்றும் பல்கிய மைலோமா புற்றுநோய்க்காக 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஒட்சிசனை உணரும் வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம். எச்.ஐ.எஃப். புரதத்தில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில், ஒட்சிசனையும் இரும்பையும் பயன்படுத்தும் ஒரு நொதியம் ஐதரொட்சில் கூட்டத்தைச் சேர்க்கிறது. அந்த மாற்றம் இருந்தால் மட்டுமே வி.எச்.எல். என்ற புரதத்தைக் கொண்ட லிகேஸ் அதைப் பிடிக்கும். ஒட்சிசன் குறைந்தால் மாற்றம் நிகழாது, புரதம் நிலைக்கும், செங்குருதிக் கலங்களைப் பெருக்கும் ஓமோன் முதலியவற்றின் தொகுப்பு கூடும். 2019இல் வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா ஆகியோருக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்காகவே.

தாவரங்களும் ஏறக்குறைய இதே தந்திரத்தைத் தனியாக வளர்த்துக்கொண்டுள்ளன, அது எங்கள் வயல்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. பெரும்போகத்தில் வடகீழ்ப் பருவக்காற்று மழை மிகுந்து, வாவி நிறைந்து, அதன் நீரைக் கடலுக்கு விட முகத்துவாரம் வெட்டப்படுவதற்கு முன்பே, வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் தாழ்ந்த வயல்வெளிகளான வட்டைகளிலும் நெற்பயிர் முழுவதுமாக நீருக்குள் போய்விடுவது உண்டு. 2011 ஜனவரி வெள்ளத்திலும் 2024 நவம்பர் வெள்ளத்திலும் அதுவே நடந்தது. நீருக்குள் வாயுக்கள் காற்றில் பரவுவதை விட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகின்றன. ஆகவே பயிருக்கு ஒட்சிசன் போதியளவு கிடைப்பதில்லை, பயிர் வெளிவிடும் எதிலீன் வாயுவும் வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்குகிறது.

நெற்பயிரின் நீட்சியைத் தடுத்து வைத்திருப்பது எஸ்.எல்.ஆர்.1 என்ற புரதம். அது டெல்லா எனப்படும் தாவரப் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜிபரலின் ஓமோன் வந்ததும், அது ஜி.ஐ.டி.1 என்ற ஏற்பியில் பொருந்துகிறது. பொருந்திய ஏற்பி எஸ்.எல்.ஆர்.1ஐப் பற்றிக்கொள்கிறது, அதன் பின் லிகேஸ் வந்து அதைச் சிதைவுக்கு அனுப்புகிறது. தடை நீங்க, பயிர் நீள்கிறது. இந்த ஏற்பியை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழுவினர் 2005இல் நெல்லிலேயே கண்டறிந்தார்கள். வளர்ச்சியை ஊக்கும் ஓமோன் என்று பாடநூலில் படிக்கும் ஜிபரலின், உண்மையில் தடையாக நிற்கும் ஒரு புரதத்தைச் சிதைப்பதன் மூலமே வளர்ச்சியை ஊக்குகிறது. பசுமைப் புரட்சியின் பெயர்பெற்ற நெல்லினமான ஐ.ஆர்.8, 1966இல் வெளியிடப்பட்டது. அதன் குட்டையான தண்டுக்குக் காரணம் ஜிபரலின் தொகுப்பில் உள்ள ஒரு குறைபாடு, அதாவது எஸ்.எல்.ஆர்.1 குறைவாகச் சிதைவது.

மூழ்கிய சாதாரண நெல்லில் எதிலீன் தேங்குவதால் ஜிபரலினின் செல்வாக்கு கூடி, எஸ்.எல்.ஆர்.1 சிதைந்து, இலைகள் மேற்பரப்பைத் தேடி நீள்கின்றன. நீர் ஓரிரு நாளில் வடிந்தால் கேடில்லை. ஒரு வாரத்துக்கு மேல் நின்றால், சேமித்த மாப்பொருள் அனைத்தும் நீட்சியிலேயே தீர்ந்துபோய், நீர் வடிந்ததும் பயிர் சாய்ந்து மடிகிறது.

இதே நேரத்தில் ஒட்சிசன் குறைவை உணரும் இன்னொரு புரதக் குடும்பமும் செயற்படுகிறது. அக்குடும்பத்துப் புரதங்களில் தொடக்கத்தில் உள்ள மெதியோனின் என்ற அமினோ அமிலம் நீக்கப்பட்டதும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் முனைக்கு வருகிறது. ஒட்சிசன் இருக்கும்போது அந்தச் சிஸ்டீன் ஒட்சியேற்றப்பட்டு, அதன்மேல் ஆர்ஜினின் சேர்க்கப்பட்டு, அந்த முனையையே அடையாளமாகக் கொள்ளும் லிகேஸால் புரதம் சிதைக்கப்படுகிறது. ஒரு புரதத்தின் முதல் அமினோ அமிலமே அதன் ஆயுளைத் தீர்மானிக்க முடியும் என்பதை அலெக்சாண்டர் வர்ஷாவ்ஸ்கி 1986இல் மதுவத்தில் காட்டியிருந்தார். அதே விதி தாவரத்தில் ஒட்சிசனை உணரவும் பயன்படுகிறது என்பது 2011இல் அறபிடொப்சிஸ் என்ற சிறு தாவரத்தில் தெரியவந்தது. வெள்ளத்தில் ஒட்சிசன் குறைய, அப்புரதங்கள் சிதையாமல் நிலைத்து, ஒட்சிசனின்றிச் சக்தி பெறும் நொதித்தல் வழியின் பரம்பரையலகுகளை இயக்குகின்றன.

வெள்ளத்தைத் தாங்கும் நெல்லினங்களில் இக்குடும்பத்தைச் சேர்ந்த சப்1ஏ என்ற புரதம் உள்ளது. 2006இல் அதன் பரம்பரையலகு இந்தியாவின் ஒடிசா மாநிலத்து எஃப்.ஆர்.13ஏ இனத்திலிருந்து இனங்காணப்பட்டது. சப்1ஏவும் சிஸ்டீன் முனையோடுதான் தொடங்குகிறது, ஆனாலும் மற்றவை போல ஒட்சிசனால் சிதைவதில்லை. அதன் பின்முனைப் பகுதி முன்முனையை மறைத்துக்கொள்வதே காரணம் என்று 2019இல் காட்டப்பட்டது. எதிலீன் தேங்கியதும் தொகுக்கப்படும் சப்1ஏ, எஸ்.எல்.ஆர்.1 கூடுதலாகத் தங்கியிருக்கும்படி செய்கிறது. ஜிபரலின் இருந்தாலும் தடை நீங்குவதில்லை. பயிர் நீளாமல், மாப்பொருளைக் காத்துக்கொண்டு நீருக்குள் பொறுத்திருக்கிறது. நீர் வடிந்த பின் திடீரென வெயிலில் வாடும் நிலையையும் சப்1ஏ உள்ள பயிர் நன்றாகத் தாங்குகிறது. சிதைவிலிருந்து தப்பும் ஒரு புரதம், சிதைய இருந்த இன்னொரு புரதத்தைக் காப்பாற்றுகிறது என்ற இந்த அடுக்கு என்னை மிகவும் வியக்க வைக்கிறது.

வெள்ளம் தாங்கும் பழைய இனங்களாக உலக நெல் ஆய்வாளர்கள் குறிப்பிடுபவற்றில் இலங்கையின் குர்க்கறுப்பன், கொடஹீனட்டி ஆகியவையும் அடங்கும். நம் முன்னோர் தேர்ந்து காத்த விதைகளில் இப்படிப்பட்ட பண்புகள் இருப்பதால், பழைய இனங்களை விதைக் களஞ்சியங்களில் மட்டும் விட்டுவிடாமல் வயலிலும் தொடர்ந்து பயிரிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சப்1ஏவுக்கும் எல்லை உண்டு. முழுவதுமாக மூழ்கிய நிலையை அது ஏறத்தாழ இரண்டு வாரம்வரை தாங்க உதவுகிறது. அதற்கு மேல் காத்து வைத்த மாப்பொருளும் தீர்ந்துவிடும். வங்காளதேசத்திலும் தாய்லாந்திலும் மாதக் கணக்கில் ஆழமாக நிற்கும் நீரில் வளரும் நெல்லினங்கள் நேரெதிர் வழியில் செல்கின்றன. அவற்றில் 2009இல் கண்டறியப்பட்ட ஸ்னோர்க்கல் என்ற இரு பரம்பரையலகுகள், சப்1ஏ சேர்ந்த அதே பெருங்குடும்பத்துப் புரதங்களையே தொகுக்கின்றன. ஆனால் அவை ஜிபரலினின் வழியைத் திறந்துவிடுவதால், தண்டு ஒரே நாளில் 25 சென்ரிமீற்றர் வரைகூட நீள்கிறது. ஒரு வயலுக்கு எந்த வழி பொருந்தும் என்பது அங்கே நீர் எத்தனை நாள் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சில நாட்களில் வடியும் வெள்ளத்துக்கு எஸ்.எல்.ஆர்.1ஐக் காக்கும் பயிரும், வடியாத ஆழ்நீருக்கு அதைச் சிதைத்துவிடும் பயிரும் ஏற்றவை.